பெல்ட் இல்லாத புல்லி: ஒரு மில் ஃபிட்டரும் போன்ல சுத்துன மூணு சக்கரமும்

நான் கோவை பக்கம் ஒரு சின்ன கவுன்சிலிங் சென்டர்ல வேலை பாக்குறேன். குடி கேஸ்தான் அதிகம் வரும், 2020-க்கு அப்புறம் ஆன்லைன் சூதாட்ட கேஸும் கணிசமா வர ஆரம்பிச்சுது. அதுல ஒண்ண ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் எழுதி வைக்கணும்னு தோணுச்சு, ஏன்னா நாங்க சரியா செஞ்சதும் கோட்டை விட்டதும் ரெண்டுமே இதுல இருக்கு. ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்கள மாத்திருக்கேன், அவரும் அவர் வீட்டுக்காரம்மாவும் எழுதிக்கலாம்னு சொன்ன பிறகுதான் எழுதுறேன்.

பின்னணி

வயசு 44. ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டர், நூல் நூக்குற ரிங் ஃபிரேம் செக்சன்ல 20 வருசத்துக்கு மேல. சம்பளம் 22 ஆயிரம் சொச்சம். வீட்டுக்காரம்மா தையல், அதோட 20 பேர சேத்து ஒரு குலுக்கல் சீட்டு நடத்துறாங்க. ரெண்டு பசங்க, ஸ்கூல். குடிக்க மாட்டார், இது முக்கியம், ஏன்னா "எம் புருசனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கெடையாதுங்க மேடம்"னுதான் அந்தம்மா பேச்சையே ஆரம்பிச்சாங்க.

சீட்டாட்டம் அவருக்கு புதுசு இல்ல. கல்யாணத்துக்கு முந்தியே கோயில் நோம்பி, தீபாவளி, லீவு நாள்னா ஆறு பேர் உக்காந்து ரம்மி போடுவாங்க, பாயிண்ட்டுக்கு 25 பைசா. முழுசா தோத்தா 80 பாயிண்ட், அதாவது 20 ரூபா. முதல்லயே டிராப் பண்ணிட்டா 20 பாயிண்ட், 5 ரூபா. ராத்திரி முழுக்க ஆடுனாலும் 200 ரூபாய்க்கு மேல போனதில்லன்னு சொன்னார், நான் நம்புறேன். சீட்ட கலைச்சு கட்டு போடவே ரெண்டு நிமிசம், எவனாவது ஒருத்தன் தப்பா டிக்ளேர் பண்ணிட்டு சண்டை போடுவான், டீ வரும், சில்லறை இருக்காது, கரண்ட் போகும், ஒருத்தனுக்கு வீட்லேர்ந்து போன் வரும், ஆறு பேர் அஞ்சாவாங்க, அஞ்சு நாலாகும், அதோட எந்திரிச்சிருவாங்க. இந்த 20 வருச ஆட்டத்துல ஒரு பிரச்சனையும் வரல. இத முதல் நாள் நான் நோட்ல எழுதுனேன், ஆனா அதுக்கு உண்டான மதிப்ப அப்ப குடுக்கல.

2020 ஊரடங்குல மில் மூடுனப்ப அதே சீட்டு குரூப்ல ஒருத்தர் ரம்மி ஆப் லிங்க் அனுப்பினார். பச்சைத் துணி விரிச்ச மேசை, கையில விசிறி மாதிரி விரிச்சு புடிச்ச 13 சீட்டு, கட்டு கலையுற சத்தம், டாஸ் போட்டு யாரு முதல்லன்னு பாக்குறது, எல்லாம் அப்படியே இருந்துச்சாம். "நம்ம ஆட்டந்தானே"ன்னு தோணுச்சுன்னார். அதே வருசம் நவம்பர்ல தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் போட்டு நிறுத்துச்சு, இவரும் நிறுத்திட்டார், பெருசா தவிக்கல. 2021 ஆகஸ்ட்ல ஐகோர்ட் அந்த சட்டத்த ரத்து பண்ணுச்சு, இவரும் திரும்ப ஆரம்பிச்சார். 2022-ல புது சட்டம், 2023 நவம்பர்ல ஐகோர்ட் அந்த சட்டத்த ஏத்துக்கிட்டு, ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுன்னு அத ரெண்ட மட்டும் தடைலேர்ந்து எடுத்துருச்சு. அதனால இவர் ஆட்டம் தொடர்ந்து நடந்துச்சு.

இந்த இடத்துல ஒரு விசயம். ரம்மி திறமை விளையாட்டுங்குற வாதத்துக்கு வேர் 1967-ல சுப்ரீம் கோர்ட் சொன்ன ஒரு தீர்ப்பு, செகந்திராபாத் கிளப் ஒண்ணு சம்பந்தப்பட்டது. மனுசங்க நேர்ல உக்காந்து, கைல நிஜ சீட்ட புடிச்சு, எத வெச்சுக்கறது எத போடறதுன்னு யோசிச்சு ஆடுன ஆட்டத்துக்கு குடுத்த பேர் அது. ஆப்காரங்க சீட்டு படத்த அவ்ளோ கச்சிதமா வரைஞ்சதுக்கு பழசு மேல இருக்க பாசம் மட்டும் காரணம்னு எனக்கு தோணல. மேசையும் சீட்டும் பழைய மாதிரியே இருந்தா பழைய ஆட்டத்தோட நல்ல பேரும் கூடவே வந்துரும், கோர்ட்டுல மட்டும் இல்ல வீட்லயும்தான். இவர் வீட்டுக்காரம்மா பல தடவ போன எட்டிப் பாத்துருக்காங்க, "சீட்டுதான ஆடுறார்"னு விட்டுருக்காங்க.

ரம்மி ஆப்ல மாசம் ரெண்டாயிரம் மூவாயிரம் போச்சு. வலிக்கிற தொகைதான், ஆனா குடும்பம் தாங்குச்சு.

எப்படி சிக்கல் ஆச்சு

2025 பிப்ரவரில தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் விதிமுறை கொண்டு வந்துச்சு. ராத்திரி 12 மணிலேர்ந்து காலைல 5 வரைக்கும் பணம் வெச்சு ஆட முடியாது, ஆதார் வேணும், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆடுனா எச்சரிக்கை வரணும். நல்ல விதிமுறை, நான் இப்பவும் அதுக்கு ஆதரவுதான், ஜூன் மாசம் ஐகோர்ட்டும் செல்லும்னு சொல்லிருச்சு. ஆனா இவருக்கு மூணாவது ஷிஃப்ட், ராத்திரி 12 டூ காலைல 8. ஃபிட்டர் ரூம்ல உக்காந்துருக்க நேரம்தான் இவரோட ஆட்ட நேரம். அது பூட்டிருச்சு. மார்ச் முதல் வாரம் டெலிகிராம்ல ஒரு குரூப்லேர்ந்து ஏபிகே ஒண்ண இறக்குனார், அதாவது நேரடியா போன்ல ஏத்துற ஆப் ஃபைல், ப்ளே ஸ்டோர்ல கிடைக்காத ஐட்டம். அதுல ரம்மியும் இருந்துச்சு, ஆனா ஆள் சேர காத்திருக்கணும். பக்கத்துலயே மூணு சக்கரம் சுத்துற ஸ்லாட் இருந்துச்சு, படம் சேந்து வந்தா காசு, அதுக்கு யாரும் வேணாம். ஒரு சுத்துக்கு 20 ரூபா.

ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ் கட்ட பீரோவ திறந்தப்ப அஞ்சு பவுன் செயின் இல்ல. அன்னிக்கே உண்மைய சொல்லிட்டார். நகை அடகு, ரெண்டு லோன் ஆப், ஒரு கைமாத்து. அடுத்த வாரம் எங்ககிட்ட வந்தாங்க.

நாங்க பாத்தது

முதல் நாளே தற்கொலை எண்ணம் இருக்கான்னு நேரடியா கேட்டோம். வந்து போச்சு, திட்டம்னு ஒண்ணும் இல்லன்னார். அன்னிக்கே மனநல டாக்டர்கிட்ட அனுப்பினோம், அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-அ ரெண்டு பேர் போன்லயும் சேவ் பண்ணோம். சூதாட்டத் தீவிரத்துக்கு ஒம்போது கேள்வி உள்ள ஒரு ஸ்கேல் இருக்கு, 8-ஓ அதுக்கு மேலயோ வந்தா பிரச்சனைன்னு எடுத்துக்குவோம். இவருக்கு 17.

யூபிஐ ஹிஸ்டரிய உக்காந்து கூட்டுனோம், ரெண்டு மணி நேரம் ஆச்சு. நாலு மாசத்துல உள்ள போட்டது 3,12,000, வெளிய எடுத்தது 1,04,000. அவர் மனசுல இருந்த கணக்கு "ஒரு லட்சம் போயிருக்கும்". போனது 2,08,000. பணம் போன யூபிஐ ஐடி நாலு நாளைக்கு ஒருக்கா மாறிருக்கு, ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு தனி ஆள் பேர்ல. எடுக்கலாம்னு பட்டன் அமுத்துன பிறகும் பணம் வர்ற வரைக்கும் "கேன்சல் பண்ணி திரும்ப ஆடலாம்"னு இன்னொரு பட்டன் மினுக்கிட்டே இருக்கும், நிறைய தடவ அதத்தான் அமுத்திருக்கார்.

ஆனா எங்கள நிக்க வெச்சது அவர் கொண்டு வந்த நோட்டு. மில்லுல பிரேக்டவுன் ரிஜிஸ்டர் எழுதுற மாதிரியே கட்டம் கட்டி எழுதிருந்தார், தேதி, நேரம், மூணு சக்கரத்துல என்ன வந்துச்சு, ரிமார்க்ஸ். ரிமார்க்ஸ் காலத்துல "7 ஒரு கட்டம் மேல", "7 ஒரு கட்டம் கீழ", "மூணாவதுல ஸ்லாக்", "ஸ்டாப்பிங் லேட்". புரியறதுக்கு எனக்கு கொஞ்ச நேரம் ஆச்சு. இவர் அத ஒரு மெஷினா பாத்துருக்கார். 20 வருசமா ஸ்பிண்டில் சத்தத்த வெச்சு எந்த பேரிங் போகப் போகுதுன்னு சொல்ற ஆளு, ஒரு சக்கரம் வேகமா சுத்தி மெதுவாகி டக்குன்னு நின்னா அதுக்கு எடை இருக்கும், பிடிப்பு இருக்கும், தேய்மானம் இருக்கும், கவனிச்சா புடிச்சிரலாம்னு நம்பிருக்கார். சூதாட்டம்னே அவருக்கு தோணல, ஃபால்ட் ஃபைண்டிங்னு நெனச்சிருக்கார்.

ஒவ்வொரு சக்கரத்துலயும் எத்தன படம்னு வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்தி எண்ணிருக்கார். 20. அதுல 7 ஒண்ணே ஒண்ணு. அப்ப மூணு 7 வர 20 பெருக்கல் 20 பெருக்கல் 20, எட்டாயிரத்துல ஒரு தடவ. கணக்கு சரி. சக்கரம் நிஜமா இருந்தா.

ஸ்கிரீன் ரெக்கார்டிங்க மட்டும் பாத்தோம், ஆப்ப திறக்க விடல. வலது பக்கம் சிவப்பு குண்டு வெச்ச ஒரு இரும்பு கைப்பிடி, விரல வெச்சு கீழ இழுக்கணும், இழுத்தா "கிளக்"குன்னு பல்சக்கரம் கடிக்கிற சத்தம். கண்ணாடிக்கு பின்னாடி இருக்க மாதிரி சக்கரம் லேசா வளைஞ்சு தெரியும், மேலயும் கீழயும் நிழல். முதல் ரெண்டுல ஒரே படம் வந்துட்டா மூணாவது வேணும்னே ஒண்ணு ஒன்றர செகண்ட் கூட சுத்தும், அதத்தான் இவர் "ஸ்லாக்"னு எழுதிருக்கார். ஜெயிச்சா தகரத் தட்டுல காசு கொட்டுற சத்தம்.

20 ரூபா கட்டி 6 ரூபா திரும்ப வந்தாலும் அதே காசு சத்தம்தான். நோட்டுல ஒரு 100 சுத்த எடுத்து பாத்தோம், 38 இடத்துல "வின்"னு எழுதிருந்தார். கட்டுன 20-க்கு மேல வந்தது 11. மீதி 27 அத்தனையும் நஷ்டம், சத்தம் மட்டும் லாபச் சத்தம்.

அந்த கைப்பிடி எங்கேர்ந்து வந்துச்சு

ரெண்டாவது வாரம் ஒரு கேள்வி கேட்டார், "அந்த சக்கரத்துல பார்னு ஒண்ணு வருதே, என்ன பாருங்க மேடம், ஒயின்ஷாப் பாரா?" சிரிச்சுட்டேன், ஆனா நியாயமான கேள்வி. சக்கரத்துல வர்ற செர்ரிப் பழத்தையும் இவர் கேக் மேலதான் பாத்துருக்கார். அந்த கைப்பிடி வெச்ச மெஷின இவர் வாழ்க்கைல தொட்டதே இல்ல, தமிழ்நாட்ல இவர் மாதிரி ஆளுங்க யாருமே தொட்டுருக்க மாட்டாங்க. ரம்மி ஆப் காப்பியடிச்சது இவர் கைல இருந்த பொருள. இது காப்பியடிச்சது எவனோ எங்கயோ இழுத்த பொருள. ஆனாலும் வேலை செஞ்சுது. ஏன்னு யோசிச்சு கொஞ்சம் படிச்சேன், படிச்சத அவருக்கும் சொன்னேன்.

1890-கள் கடைசில சான் ஃபிரான்சிஸ்கோல சார்லஸ் ஃபேங்குற ஒரு மெக்கானிக் லிபர்ட்டி பெல்னு ஒரு மெஷின் செஞ்சார். மூணு சக்கரம், ஒவ்வொண்ணுலயும் 10 நிறுத்தம், மூணு மணிப் படம் சேந்து வந்தா அஞ்சு சென்ட் காசு பத்து விழும். அப்ப கைப்பிடி அலங்காரம் இல்ல, அத இழுத்தாத்தான் உள்ள ஸ்பிரிங் ஏறி சக்கரம் சுத்தும். கொஞ்ச வருசத்துல அங்கயும் சட்டம் நெருக்குச்சு, அதனால 1910 வாக்குல காசுக்கு பதிலா சூயிங் கம் தர்ற மெஷின்னு பேர மாத்தி வித்தாங்க. செர்ரி, பிளம்னு பழங்க வந்தது கம்மோட ஃபிளேவருக்காக. பார்ங்குறது பெல் ஃப்ரூட் கம்னு அந்த கம்பெனியோட முத்திரைலேர்ந்து வந்ததுன்னு சொல்றாங்க. சட்டத்துக்கு பயந்து போட்ட வேஷம் நூறு வருசத்துக்கு மேல தாண்டி ஃபிட்டர் ரூம்ல போன்ல நிக்குது.

இவருக்கு உண்மைல உதவுனது 1984 கதைதான். டெல்னஸ்னு ஒருத்தர் அந்த வருசம் அமெரிக்கால ஒரு பேட்டன்ட் வாங்குனார். சக்கரம் எங்க நிக்கணும்னு கம்ப்யூட்டர் ஒரு எண்ண எடுத்து முன்னாடியே முடிவு பண்ணும், சக்கரம் அந்த இடத்துல போய் நிக்கும், அவ்ளோதான். இதுல பெரிய சூட்சுமம் என்னன்னா கண்ணுக்கு தெரியற சக்கரத்துல 20 இடம் இருந்தாலும் உள்ள இருக்க எண்ணு 64 இருக்கலாம், அந்த 64-ல 7-க்கு ஒண்ணு, 7-க்கு மேலயும் கீழயும் இருக்க வெத்து கட்டத்துக்கு அஞ்சாறுன்னு பங்கு பிரிக்கலாம். எட்டாயிரத்துல ஒண்ணுன்னு கண்ணு சொல்லும், உள்ள 64 பெருக்கல் 64 பெருக்கல் 64, 2,62,144-ல ஒண்ணு. நோட்டுல அத்தன "ஒரு கட்டம் மேல, ஒரு கட்டம் கீழ" வந்தது எப்படின்னு இதுல புரியும். லைசென்ஸ் வாங்குன மெஷின்கள்லயே கதை இதுதான், ஏபிகே-ய கேக்க எந்த ஊர்லயும் நாதி இல்ல.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

பண வழிய முதல்ல அடைச்சோம். சம்பள அக்கவுண்ட்லேர்ந்து யூபிஐ-ய கழட்டி, ஒரு சின்ன அக்கவுண்ட்ல மட்டும் நாளைக்கு 300 ரூபா லிமிட். போனையே வாங்கிரலாமான்னு பேச்சு வந்துச்சு, பட்டன் போன் குடுங்கன்னு அவர் அண்ணன் ஒத்தக் கால்ல நின்னார். நாங்க வேணாம்னோம். மில்லுல ஷிஃப்ட் மாத்தம் வாட்ஸாப்லதான் வருது, பட்டன் போனோட போனா நாலு பேர் கேப்பாங்க, அந்த அவமானத்துல திரும்ப ஆடிருவாரோன்னு பயம். ஷிஃப்ட்ட மாத்த சொல்லி கேக்க வெச்சோம், குடும்ப காரணம்னு சொல்லி முதல் ஷிஃப்ட் வாங்கிட்டார், இது நாங்க நெனச்சத விட பெரிய உதவி.

போலீஸ்ல சொன்னா இவரையே புடிச்சிருவாங்களோன்னு குடும்பம் பயந்துச்சு. அப்ப நாங்க கட்டாயப்படுத்தல. ஆகஸ்ட் 22, 2025-ல ஜனாதிபதி கையெழுத்து போட்டு மத்திய அரசோட ஆன்லைன் விளையாட்டு சட்டம் வந்துச்சு, பணம் வெச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டம் எல்லாத்துக்கும் தடை, தண்டனை நடத்துறவனுக்கும் விளம்பரம் பண்றவனுக்கும் பணப் பரிமாற்றம் பண்ணிக் குடுக்குறவனுக்கும்தான், ஆடுறவனுக்கு இல்ல. அத காட்டுன பிறகுதான் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சாங்க.

அடுத்த முடிவு வழக்கமா நாங்க செய்யாதது. "ஆடாதீங்க"ன்னு சொல்றத விட்டுட்டு அந்த மெஷின கழட்டி காட்டலாம்னு நெனச்சோம். காரணம் அந்த நோட்டு. "பேராசை, மனக்கட்டுப்பாடு"ன்னு பேசுனா இவர் காதுல ஏறாது, ஏன்னா இவர் பார்வைல இவர் பேராசப்படல, ஒரு மெஷின ரிப்பேர் பாத்துட்டு இருந்தார்.

எவர்சில்வர் டப்பா ஒண்ணு. வீட்டுக்காரம்மா குலுக்கல் சீட்டுக்கு மடிக்கிற மாதிரியே 64 துண்டுச் சீட்ட மடிச்சாங்க, பழக்கப்பட்ட கை, ஒரே அளவு. அட்டைல 20 படம் வரைஞ்ச வட்டம், நடுவுல பேனா குத்தி சுத்தலாம். 64-ல ஒண்ணுதான் 7, அதுக்கு மேல் கட்டத்துக்கு ஆறு, கீழ் கட்டத்துக்கு ஆறு, மீதிய பிரிச்சு எழுதிட்டோம். அந்தம்மா ஒரு சீட்ட எடுத்து தனக்குள்ள படிச்சுக்குவாங்க, அப்புறம் வட்டத்த சுத்தி அந்த இடத்துல கொண்டு வந்து நிறுத்துவாங்க, இவர் நோட்டுல எழுதணும். 40 தடவ. 7 வரவே இல்ல. ஒரு கட்டம் மேல கீழன்னு எட்டு தடவ வந்துச்சு.

முதல்ல புடிச்சது அந்தம்மாதான். பதினஞ்சாவது சுத்துலயே கைய நிறுத்திட்டு கேட்டாங்க, "அப்ப சீட்டெடுத்து முடிச்ச பொறவு, ஊருக்கு காட்டத்தான் சக்கரம் சுத்துதுங்களா மேடம்?"

அவர் அட்டையவே பாத்துட்டு இருந்தார். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "பெல்ட் போடாத புல்லிங்க அது. சும்மா சுத்துது"ன்னார்.

மூணாவதா ஒரு கணக்கு போட்டோம். சீட்டு மேசைல 15 நிமிசத்துல ஒரு ஆட்டம், அதிகபட்சம் 20 ரூபா. ஸ்லாட்டுல மூணு செகண்டுக்கு ஒரு சுத்து, 15 நிமிசத்துல 300 சுத்து, பந்தயமா உருளுறது 6000 ரூபா. பாக்க ரெண்டும் ஆட்டம்தான். சீட்டு கலைக்கிற நேரம், சில்லறை இல்லாதது, எந்திரிச்சு போற ஆறாவது ஆளு, இதெல்லாம் தொந்தரவுன்னு நாம நெனைப்போம், இவரு 20 வருசம் தப்பிச்சது அந்த தொந்தரவாலதான். ரம்மி ஆப்ல சீட்டு பறக்குறத படமா காட்டுனாங்க, கலைக்கிற நேரத்த எடுத்துட்டாங்க. ஸ்லாட்டுல கைப்பிடிய வெச்சாங்க, கை வலிய எடுத்துட்டாங்க. தோல உரிச்சு போத்திக்கிட்டாங்க, பிரேக்க மட்டும் கழட்டி வீசிட்டாங்க.

அதுக்கப்புறம் நடந்தது

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் சுத்தமா ஆடல. ஸ்கோர் 17-லேர்ந்து 9. ஒரு லோன் ஆப் கடன் முடிஞ்சுது. ஆகஸ்ட் சட்டத்துக்கு அப்புறம் ரம்மி ஆப்கள்ல காசாட்டம் நின்னுபோச்சு, இவர் கூட்டாளிங்க புலம்புனாங்க, இவருக்கு அது செய்தி மட்டுந்தான். நாங்க கொஞ்சம் மிதப்புல இருந்தோம்னு ஒத்துக்கணும். செப்டம்பர் கடைசில வாரா வாரம் வர்றத மாசம் ஒருக்கான்னு மாத்திட்டோம்.

அக்டோபர்ல தீபாவளி போனஸ் வந்துச்சு. பையனுக்கு டிரஸ் எடுக்க ஒரு ஷாப்பிங் ஆப்ப திறந்துருக்கார், முதல் ஸ்கிரீன்லயே வண்ண வண்ணமா ஒரு சக்கரம், "சுத்துங்க, கூப்பன் வெல்லுங்க". காசு கட்ட வேணாம், சூதாட்டமும் இல்ல, ஊரே அமுத்துது. இவரும் அமுத்துனார். முள்ளு 500 ரூபா கட்டத்த தாண்டி மெதுவா நகந்து 50 ரூபாயில நின்னுச்சு. ஒரு கட்டம் மேல. அன்னிக்கு சாயங்காலம் டெலிகிராம்ல தேடி ஏபிகே-ய திரும்ப இறக்கிட்டார். 300 லிமிட் இருந்ததால பக்கத்து வீட்டு பையன்கிட்ட ரொக்கத்த குடுத்து அவன் யூபிஐ-லேர்ந்து போட வெச்சிருக்கார். ரெண்டு நாள்ல 14 ஆயிரம்.

மூணாவது நாள் தானாவே போன் பண்ணார். "தெரிஞ்சேதாங்க மேடம் போட்டேன். பெல்ட் இல்லன்னு தெரியும். கைதான் கேக்கல"ன்னார்.

அந்த வாக்கியம் எங்களுக்கு தேவையான அடி. மெஷின புரிய வெச்சா போதும்னு நெனச்சிருந்தோம், மண்டைக்கு புரிஞ்சது விரலுக்கு புரியல. மறுபடி வாரா வாரம். இந்த தடவ அவர் போன அவர் கையாலயே தேட வெச்சோம், சுத்துறது, சுரண்டுறது, இழுக்குறது, பெட்டி திறக்குறதுன்னு எங்கெல்லாம் வருதுன்னு. ஒரு ஷாப்பிங் ஆப்ல சக்கரம், ஒரு பேமென்ட் ஆப்ல சுரண்டுற அட்டை, பையன் ஆடுற கேம்ல ரகசியப் பெட்டி, சாப்பாடு ஆர்டர் பண்ற இடத்துல கூட ஒரு சக்கரம். சுரண்டுற அட்டைய பாத்தவுடனே அவர் சொன்னது, "எங்கப்பா சுரண்டல் லாட்டரி வாங்குவாருங்க, நகத்துல வெள்ளிப் பொடி ஒட்டிருக்கும்." 2003-ல தமிழ்நாட்ல லாட்டரிய தடை பண்ணாங்க, ஆனா அந்த வெள்ளிப் பொடி இப்ப ஸ்கிரீன்ல பொடி உதுறற மாதிரியே வருது, விரல தேச்சா அதே கரகர சத்தம். அவ்ளோ ஆப்பையும் எடுத்தோம், இல்ல நோட்டிஃபிகேசன நிறுத்துனோம். போன்ல வைப்ரேசனையும் அணைச்சுட்டோம், சக்கரம் நிக்கிறப்ப கைல வர்ற அந்த அதிர்வுதான் அவருக்கு அதிகம் தொந்தரவா இருந்துச்சு.

2026 பொங்கலுக்கு அப்புறம் வந்த ரிவ்யூல கணக்கு இப்படி: தீபாவளிக்கு அப்புறம் ஆடல. ஸ்கோர கணக்குப் போடல, அந்த ஸ்கேல் கடைசி 12 மாசத்த கேக்குது, குறைஞ்சத காட்ட நேரமாகும் (ஜூலைக்கு அப்புறம் நாங்க எடுத்த 9 கூட அதனால அரைகுறைதான், அத வெச்சு மிதந்தது எங்க தப்பு). ரெண்டாவது லோன் ஆப்பும் முடிஞ்சுது. செயின் இன்னும் அடகுலதான் இருக்கு, வட்டி கட்டிட்டு வர்றாங்க. 1930 புகார்ல பணம் எதுவும் திரும்பல. டாக்டர் மருந்த குறைச்சிருக்கார். அந்தம்மா இன்னும் ராத்திரி அவர் தூங்குன பிறகு போன எடுத்து பாக்குறாங்க, அவருக்கும் தெரியும், ரெண்டு பேரும் அத பத்தி பேசிக்கறதில்ல.

திரும்ப செய்யறதா இருந்தா

முதல் நாள் கேக்குற ஃபார்ம மாத்திட்டோம். "எந்த ஆப்ல ஆடுறீங்க"ன்னு மட்டும் கேட்டுட்டு இருந்தோம், இப்ப "கை என்ன பண்ணும், இழுக்குமா, சுத்துமா, சுரண்டுமா, என்ன சத்தம் கேக்கும்"னு கேக்குறோம். பதில் ஆளாளுக்கு வேற. போன வாரம் ஒரு காலேஜ் பையன் கண்ண மூடிட்டு அந்த சத்தத்த வாயால பண்ணியே காட்டுனான்.

வாராந்திர சந்திப்ப மூணு மாசத்துல குறைச்சது தப்பு, அதுவும் போனஸ் வர்ற மாசத்துக்கு முன்னாடி. மில் கேஸ்னா தீபாவளி தாண்டற வரைக்கும் குறைக்கறதில்லன்னு வெச்சிருக்கோம். பக்கத்து வீட்டு பையன் மாதிரி வழி இருக்கும்னு யோசிக்காதது இன்னொரு தப்பு, யூபிஐ லிமிட் மேல அளவுக்கு மீறி நம்பிக்கை வெச்சோம்.

டப்பா சீட்டு வேலைய விட மாட்டோம், ஆனா அது பாதி வேலைதான்னு சொல்லித்தான் இனி ஆரம்பிப்போம். பிரிட்டன்ல 2021 அக்டோபர் 31-லேர்ந்து ஆன்லைன் ஸ்லாட்டுக்கு விதி இருக்கு, ஒரு சுத்து 2.5 செகண்டுக்கு குறையக் கூடாது, தானா சுத்துற வசதி கூடாது, கட்டுனத விட கம்மியா வந்தா ஜெயிச்ச மாதிரி சத்தமோ படமோ காட்டக் கூடாது, எடுக்க கேட்ட பணத்த கேன்சல் பண்ண வைக்கக் கூடாது. இத தமிழ்ல ஒரு பக்கத்துக்கு எழுதி சென்டர்ல ஒட்டிருக்கோம். நம்ம ஊர்ல மொத்தமா தடை இருக்கறப்ப அது எதுக்குன்னு கேப்பீங்க. வர்றவங்க அத படிச்சுட்டு "அப்ப இத வேணும்னேதான் செஞ்சிருக்காங்களா"ன்னு கேக்குறாங்க, நான் ஒரு மணி நேரம் பேசியும் வராத கேள்வி அது.

ஒண்ணு மட்டும் எங்களுக்குள்ள இன்னும் முடிவாகல. பொங்கல் அப்ப பழைய சீட்டு குரூப் கூப்பிட்டுருக்காங்க, நிஜ சீட்டு, பாயிண்ட்டுக்கு 25 பைசாதான். போகலாமான்னு கேட்டார். டாக்டர் கண்டிப்பா வேணாம்னார், ஒரு வருசமாவது போகட்டும்னு. நானும் அதையேதான் சொன்னேன், ஆனா சொல்றப்ப முழு மனசு இல்ல, 20 வருசம் அவர காப்பாத்துன மேசை அது. அவர் ஆடப் போகல. அன்னிக்கு ராத்திரி அவங்க ஆடுன இடத்துக்கு டீ மட்டும் வாங்கிக் குடுத்துட்டு, அஞ்சு நிமிசம் நின்னு பாத்துட்டு வந்துட்டாராம். எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். "ரொம்ப ஸ்லோவா ஆடுறாங்க மேடம்"னார்.